அழைப்பும் அழைப்பிதழும்

திருமண அழைப்பிதழைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நாள், நேரம், இடம், இரு வீட்டார் பெயர், இவ்வளவுதானே என்பர். பொத்துவிலில் நாற்பது ஆண்டுக் காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். கையெழுத்துத் தெளிவாயிருக்கிறது என்ற ஒரே காரணத்தால், அயல் வீட்டுக் கலியாணங்களுக்குப் பெயர்க் கொப்பி எழுதவும், உறைகளின்மேல் விலாசம் எழுதவும் ஓயாது அழைக்கப்பட்டவன். அந்தப் பழக்கத்திலே நான் கண்டறிந்தது ஒன்றுண்டு: அழைப்பு வேறு, அழைப்பிதழ் வேறு. அழைப்பிதழ் ஒரு நாளில் அச்சாகிவிடும். அழைப்போ பல தலைமுறைகளாகக் கட்டப்பட்டு வருவது.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலைக் கற்றோர், கோவலன் கண்ணகி திருமணச் செய்தி புகார் நகருக்கு அறிவிக்கப்பட்ட முறையை மறந்திருக்கமாட்டார்கள். அணி பூண்ட மகளிரை யானையின் பிடரியில் ஏற்றி, அவர்கள் வாயாலே மாநகருக்கு மணச் செய்தியைச் சொல்லச் செய்தனர் இரு குரவரும். ஓலையைப் பற்றி அங்கே பேச்சில்லை. பெண்கள் சென்றார்கள், சொன்னார்கள். இக்காட்சியை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பெண்களின் நினைவே வரும். யானை மட்டுந்தான் இல்லை. ஏனையவை அனைத்தும் இங்கே உண்டு.

நாள் குறித்தல்

அழைப்பிதழின் முதல் வரி நாளைக் குறிப்பது. அந்த நாள் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியாதவர், அது பஞ்சாங்கத்திலிருந்தோ நாட்காட்டியிலிருந்தோ எடுக்கப்பட்டதென எண்ணக்கூடும். அம்பாறைக் கரையிலே அது வயலிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் இவ்வூர்களில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். மகளுக்கு ஒரு வீடு கொடுக்கவேண்டும். புது வீடு கட்டிக் கொடுப்பாருமுண்டு. தாம் குடியிருந்த வீட்டையே மகளுக்கு விட்டுவிட்டு, மணமாகாத பிள்ளைகளோடு வளவின் ஒரு மூலையிலோ வேறு காணியிலோ சிறு வீடமைத்துக் குடிபெயரும் பெற்றோருமுண்டு. ஆதலால், சுவர் எழுந்து கூரை வேயப்படும்வரை நாள் குறிக்க எவரும் துணிவதில்லை. அழைப்பிதழிலே ‘மணமகள் இல்லம்’ என்று அச்சாகும் அந்த விலாசம், ஒரு தகப்பனின் பத்தாண்டு உழைப்பு. அதனைப் படிப்பவர் வழி தேடுவதற்காகப் படிக்கிறார். அச்சிட்டவரோ தம் கடனைத் தீர்த்த பத்திரத்தைப் போல அதனைப் பார்க்கிறார்.

வீடு முடிந்தாலும் கையிற் காசு வேண்டும். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. சூடடித்து, நெல்லை விற்று, கடை நிலுவைகளைக் கொடுத்த பின்னரே கலியாணப் பேச்சு வாய்க்கு வரும். இதற்கிடையில் சந்திர மாதம் தன் போக்கிலே நகர்ந்து வருகிறது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் வரை குறைந்தது. ஆகவே ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பருவங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. 2025ஆம் ஆண்டில் அது மார்ச் மாதத்தில், அறுவடை முடியும் வேளையில் அமைந்தது. நோன்பு மாதத்தில் பகல் விருந்து ஏது? அவ்வாண்டு நெற்காசு வந்தும் கலியாணங்கள் பெருநாள் கழியுமட்டும் காத்திருந்தன.

பெயர்க் கொப்பி

நாள் குறித்தபின் கொப்பி திறக்கப்படும். எண்பது பக்கப் பாடசாலைக் கொப்பிதான். ஆனால் அந்த வீட்டின் உறுதிப் பத்திரங்களோடு அலுமாரியிலே பூட்டி வைக்கப்படுவது அது. இன்னார் வீட்டிலிருந்து நமக்கு அழைப்பு வந்தது, நாம் போனோம். அவர்களை அழைக்காமல் விட்டால் அது மறதியாகக் கொள்ளப்படமாட்டாது. உறவை அறுத்த செயலாகவே கொள்ளப்படும். பழைய கொப்பியைப் பார்த்தே புதிய கொப்பி எழுதப்படும்.

பெயர்களை எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதற்கும் முறையுண்டு. இக்கரையோர முஸ்லிம்களும் தமிழர்களும் குடி என்னும் தாய்வழி அமைப்பை உடையவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும்; ஒரே குடிக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இவ்வமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கொரு மரைக்கார் இருந்த வழக்கம் இவ்வூர்களில் நிலவியது. ஆகவே நான் எழுதிய கொப்பிகளில் முதற்பக்கம் பள்ளிவாசலுக்கும் மரைக்கார்மாருக்கும் உரியது. அடுத்தது பெண்ணின் தாய்வழிக் குடியார். அதன்பின் தகப்பனின் உடன்பிறந்தார். பிறகு அயலார், வயற்பங்காளர், தொழிலாற் பழகியோர்.

பெயர்கள் எழுதி முடிந்ததும் சஹன் கணக்கு. எங்கள் விருந்துகளில் ஒரு பெரிய தட்டைச் சூழ்ந்து பலர் ஒன்றாயிருந்து உண்பர். சஹனுக்கு ஆறு பேர் என்பது வழக்கமான கணக்கு. அறுநூறு பேரென்றால் நூறு சஹன். சமையற்காரர் ஆட்கணக்குக் கேட்பதில்லை, “எத்தனை சஹன்?” என்றே கேட்பார். இந்தக் கணக்கிலேதான் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் ஆபத்துக்குள்ளாகின்றன. நெல் விலை சரிந்த ஆண்டிலே, “இருபது சஹனைக் குறையுங்கள்” என்பார் வீட்டுக்காரர். குறைப்பதென்றால் யாரை? வசதி படைத்தவரை வெட்டினால் வம்பு வரும். வறியவரை வெட்டினால் எவரும் வாய் திறக்கமாட்டார். ஆகவே கோடு எப்போதும் கடைசிப் பக்கத்திலேயே விழப் பார்க்கும்.

விருந்துகளுள் மிகத் தாழ்ந்தது, செல்வரை அழைத்து வறியோரைப் புறத்தே நிறுத்தும் மணவிருந்து என்ற கருத்து நபிமொழியில் வருவதை நாமறிவோம். அதே நூல்களில் அனஸ் என்னும் இளைஞர் சொல்லும் ஒரு செய்தியும் உண்டு. நபிகள் நாயகம் ஸைனப் அம்மையாரை மணந்தபோது, அனஸின் தாயார் ஒரு பாத்திரத்தில் உணவு சமைத்து அனுப்பினார். பெருமானார் சிலரைப் பெயர் சொல்லி அழைத்துவரப் பணித்துவிட்டு, வழியிலே காண்போரையும் அழைத்து வா என்றார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர்; பத்துப் பத்துப் பேராக வட்டமாயிருந்து உண்டனர். பெயர் சொல்லி அழைத்தவர் ஒரு பகுதி, வழியிற் கண்டவர் ஒரு பகுதி. இந்த இரண்டாம் பகுதிக்கு நம் கொப்பியில் இடமிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தந்தையர் பெயரும் தாயின் கால்களும்

இனி அழைப்பிதழைப் பார்ப்போம். அக்காலத்து அச்சகத்திலே ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கால்மிதி யந்திரத்தில் அட்டையை ஒவ்வொன்றாக வைத்து எடுப்பார்கள். மேலே பிஸ்மில்லாஹ், அல்லது சிலர் வழக்கப்படி 786 என்னும் எண். அதன்கீழ் ஹிஜ்ரி நாளும் ஆங்கில நாளும். பின்னர், தீன்குலச் செல்வன் இன்னாருக்கும் தீன்குலச் செல்வி இன்னாருக்கும் இன்ஷா அல்லாஹ் நடைபெறவிருக்கும் நிக்காஹ். ஈற்றிலே இரு தந்தையர் பெயர். என் மேசை இழுப்பறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பழைய அழைப்பிதழ்கள் கிடக்கின்றன. அவற்றை ஒருநாள் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றிலே தாயின் பெயர் இல்லை.

இஃது எவ்வளவு விந்தை என்று சற்றே எண்ணிப் பாருங்கள். குடி தாயால் வருகிறது; வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது; மாப்பிள்ளை வந்து வாழப்போவது மாமியாரின் வளவிலே. அட்டையிலோ அந்தத் தாய் இல்லை. மணமகளின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. ஆனால் அவளுடைய கையெழுத்தைக் கேட்பாரில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், பதிவேட்டிலே மணமகன், மணமகளின் வலீ ஆகியோரின் உறுதியுரைகளுக்கு இடம் வகுத்தது. மணமகளின் ஒப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. பொன்னெழுத்தில் பெயர் உண்டு, மையெழுத்தில் ஒப்பமில்லை என்ற நிலை அங்கிருந்தே வந்தது. அதனை மாற்றவேண்டுமென முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகக் குரலெழுப்பி வந்திருக்கிறார்கள்.

அட்டையில் இல்லாத தாய் எங்கே இருக்கிறாள் என்றால், தெருவிலே இருக்கிறாள். எங்கள் ஊரில் அழைப்பிதழ் கொடுத்ததனால் மட்டும் அழைப்பு முடிந்துவிடுவதில்லை. ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் நேரிற் சென்று ‘கலியாணம் சொல்ல’ வேண்டும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளிவரும்போது ஆண்கள் தம் அழைப்பைப் பாதி முடித்துவிடுவார்கள். பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பெண்ணின் தாய் தன் சகோதரிகளையும் மைத்துனிமாரையும் கூட்டிக்கொண்டு, மாலை வெயில் தணிந்தபின் வாசல் வாசலாக ஏறி இறங்குவாள். ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலை வட்டா வரும், தேநீர் வரும், பழைய குறைகளும் வரும்.

“உங்கட மூத்த மகள்ற கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லல்லியே மச்சி?”

“கடதாசி குடுத்தனுப்பினமே ராத்தா!”

“கடதாசி வந்த. நீங்க வரல்லியே!”

இந்த இரண்டு வரியிலே நான் சொல்லவந்த பொருள் முழுதும் அடங்கிவிட்டது. கடதாசி வந்தது, அழைப்பு வரவில்லை. எத்தனையோ ஆண்டுப் பிணக்குகள் இந்த நடையிலே தீர்ந்ததை நான் கேள்வியுற்றிருக்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இரு சகோதரிகள், கலியாணம் சொல்லும் சாட்டிலே ஒருத்தி மற்றவளின் படியேறியதும் அழுது கட்டிக்கொண்டதுண்டு. ஆடவர் சபை கூட்டிப் பேசியும் தீராதது, ஒரு தாய் படியேறியதும் தீர்ந்துவிடுகிறது.

ஒரு வீட்டின் நான்கு கொப்பிகள்

என் அயல் வீடொன்றிலே நான்கு பெயர்க் கொப்பிகள் பாதுகாக்கப்பட்டு வந்தன. அவற்றுள் பிந்திய இரண்டும் என் கையெழுத்தில் உள்ளவை. அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவன் நான். இவ்வூரின் முப்பதாண்டு வரலாறு அவற்றில் இருக்கிறது.

முதலாவது, அவ்வீட்டு அம்மையாரின் சொந்தக் கலியாணத்திற்காக 1974ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. எழுதியவர் அவருடைய தாய்மாமன். எழுத்து அரபுத்தமிழ், அதாவது, தமிழ் மொழியை அரபு எழுத்திலே எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காகக் குறிகளைக் கூட்டி அமைத்துக்கொண்ட அவ்வெழுத்தில் நம் முன்னோர் கடிதம் எழுதினர். மார்க்க நூல்கள் எழுதினர். கடுத்தம் என வழங்கிய மணப் பதிவுகளையும் எழுதினர். அக்கொப்பியின் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தபோது நான் வியந்து நின்றேன். கோமாரியிலும் திருக்கோவிலிலும் வாழ்ந்த தமிழ் நண்பர்களின் பெயர்கள், முருகனையும் பிள்ளையாரையும் குறிக்கும் பெயர்கள், வலமிருந்து இடமாக அரபு எழுத்திலே ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கெனத் தனி அடுப்பில் மரக்கறிச் சோறு சமைக்கவேண்டும் என்ற குறிப்பும் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது கொப்பி, அம்மையாரின் தங்கையின் கலியாணத்துக்காக 1992ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அதிலே அந்தப் பக்கம் இல்லை. இடையில் 1985ஆம் ஆண்டின் கலவரமும் 1990ஆம் ஆண்டின் கொலைகளும் நிகழ்ந்திருந்தன. இரு சமூகத்தாரும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக அஞ்சிய காலம் அது. வீதியில் எத்தனை தடை முகாம்கள் இருந்தன என்று பிற்காலத்தார் எண்ணிக் கணக்கிடலாம். அவற்றைவிட நுண்ணிய கணக்கு இக்கொப்பியில் இருக்கிறது. சண்டையில் எவரும் அந்தப் பெயர்களை வெட்டவில்லை; எழுதாமலே விட்டார்கள்.

மூன்றாவது 2001ஆம் ஆண்டில், மூத்த மகளின் கலியாணத்துக்கு நான் எழுதியது. நான்காவது 2005ஆம் ஆண்டில், இளைய மகளுக்காக எழுதியது. இவ்விரண்டுக்கும் இடையிலே கடல் வந்துபோயிற்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, பௌர்ணமி ஞாயிறு. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையிலே இலங்கையின் எல்லா மாவட்டங்களிலும் அதிகமாக உயிரிழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் தொகை பதினாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதல் பொத்துவில் வரை கரையோரத் தெருக்கள் தரைமட்டமாயின. முன்னரே பேசி முடித்த கலியாணங்கள் நின்றுபோயின. சிலவற்றில் மணமகளே இல்லை, சிலவற்றில் மணமகன் இல்லை.

அந்த வீட்டின் இளைய மகளுக்கு மறு ஆண்டு ஆனி மாதத்திலே நாள் குறித்தார்கள். வழக்கம்போல் என்னை அழைத்தார்கள். 2001ஆம் ஆண்டுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அம்மையார் சொல்லச் சொல்லப் புதுக் கொப்பியில் எழுதுவதே ஏற்பாடு. கடற்கரைத் தெருவின் பக்கத்துக்கு வந்ததும் என் குரல் தடைப்பட்டது. அப்பக்கத்தில் 17 வீட்டுக்காரரின் பெயர்கள் இருந்தன. பாதிக்கு மேற்பட்டோர் மையித்தாகிவிட்டனர் என்பதை இருவரும் அறிவோம். அவற்றை விட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“விட வேணாம் சேர். பேரெல்லாம் எழுதுங்க. அவங்கட ஊட்டுல ஆரு மிஞ்சினாங்களோ அவங்களுக்குச் சொல்லுவம். நாம சொல்லாட்டி அவங்களுக்கு ஆரு சொல்றது?”

எழுதினேன். வீட்டுக்குரியவரின் பெயரை எழுதி, அதன் எதிரே எஞ்சியிருந்தவரின் பெயரை எழுதினேன். ஒரு வீட்டில் எஞ்சியவள் ஒன்பது வயதுச் சிறுமி. அவள் பெரியம்மாவின் கூடாரத்திலே இருந்தாள். அவள் பெயருக்கும் ஓர் உறை எழுதினேன். விலாசம் என்று எழுதவேண்டிய இடத்தில் முகாமின் பெயரையும் கூடாரத்தின் இலக்கத்தையும் எழுதினேன். தபாற் சேவகருக்கு வேலையில்லை; அம்மையார் தாமே நடந்தார். அழைப்பிதழை அச்சிறுமியின் கையிலே கொடுத்து, பெரிய மனுஷிக்குச் சொல்வதைப் போலக் கலியாணம் சொன்னாராம். அன்றிரவு அப்பிள்ளை, தன் உம்மாவின் பெயருக்கு வரவேண்டிய கடதாசி தன் பெயருக்கு வந்ததென்று எல்லாரிடமும் காட்டித் திரிந்தாள் என்று பின்னர் அறிந்தேன்.

கொப்பியை மூடப் போகையில் அம்மையார் இன்னும் இரண்டு பெயர் சொன்னார். இரண்டும் கோமாரித் தமிழர் பெயர்கள். நிவாரணம் கொடுத்த வரிசையிலே பல்லாண்டுக்குப் பிறகு அவர் கண்டு பேசியவர்கள். அலை இனம் பார்த்து அடிக்கவில்லை. அரிசி வரிசையும் இனம் பார்த்து நிற்கவில்லை. முப்பத்தோராண்டு கழித்து அந்தப் பக்கம் மீண்டும் திறந்தது. கலியாண நாளில் மரக்கறிச் சோற்றுக்குத் தனி அடுப்பும் மூட்டப்பட்டது.

இன்றைய அழைப்பு

இப்போது அழைப்பிதழ் கைத்தொலைபேசியிலே வருகிறது. படம் அசைகிறது, இசை ஒலிக்கிறது, ஒரு விரல் தொட்டதும் முந்நூறு பேருக்குப் போய்ச் சேர்கிறது. இதனை நான் பழிக்கமாட்டேன். கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளுக்கு, தம் தங்கையின் கலியாணச் செய்தி அதே நிமிடத்தில் போய்ச் சேர்வது நல்லதே. ஆயினும், அடுத்த வளவிலிருப்பவருக்கும் அதே செய்தியை அனுப்பிவிட்டு அழைத்தாயிற்று என்று எண்ணுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. விரல் தொட்டு அனுப்பும் செய்தி, அனுப்புவோனுக்குச் செலவில்லாதது. செலவில்லாத ஒன்றைப் பெறுபவர் அதற்கு விலை வைப்பதில்லை. படியேறி வந்தவருக்கு அந்த மாலைப்பொழுது செலவாகியிருக்கிறது, கால் நொந்திருக்கிறது, பழைய குறையைக் கேட்டு நின்ற நாணமும் இருந்திருக்கிறது. அந்தச் செலவே அழைப்பு.

அச்சுக்கூலியைக் குறைக்க விரும்புவோர் தாராளமாகக் குறைக்கலாம். பட்டுத் துணி ஒட்டிய பெட்டியும் பொன்முலாம் பூசிய எழுத்தும் எவருடைய மனத்தையும் குளிர்வித்ததாக நான் காணவில்லை. அந்தக் காசிலே பத்துச் சஹன் கூட்டலாம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் விழவிருந்த கோட்டை அழிக்கலாம்.

அண்மையில் என் பழைய மாணவி ஒருத்தி, தன் கலியாண அழைப்பிதழின் வாசகத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்து, எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு கேட்டாள். ஈற்றிலே இரு தந்தையரின் பெயரோடு இரு தாய்மாரின் பெயரும், கணவன் பெயரின் நிழலில் அல்லாமல் அவரவர் சொந்தப் பெயராகவே இருந்தன. பிழையொன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அச்சகத்தார் வழக்கமான வாசகத்தில் கோத்து, தாய்மாரின் பெயரை விட்டு அச்சுப்படி அனுப்பினார்களாம். அவள் சிவப்பு மையால் அவ்விரு பெயரையும் மீண்டும் எழுதி அனுப்பினாள். அச்சாகி வந்த அட்டையை அவளுடைய தாயார் எனக்குத் தர வந்தபோது, தம் பெயரிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இந்தா சேர், என்ட பேரும் கிடக்கு,” என்றார். பிறகு மைத்துனியைக் கூட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார். அன்று மாலைக்குள் அவர் இன்னும் இருபது வீடு ஏறவேண்டியிருந்தது.